பழுதானால்? பழுதானாலும்!



விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் நாளில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? பெட்டிகள் வாசலுக்கு வந்துவிடும். கார் காத்திருக்கும். அப்போதுதான் கேள்விகள் தொடங்கும்.

"அடுப்பை அணைச்சாச்சா?"
"பாஸ்போர்ட் எல்லாம் எடுத்தாச்சா?"
"பின்கதவு பூட்டியாச்சா?"

பூட்டிய கதவையே இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். "எத்தனை தடவைதான் பாப்பீங்க!" என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் பொறியாளர்கள். பாலம், விமானம், மின்தூக்கி என எதைச் செய்தாலும் அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"இது பழுதானால் என்ன ஆகும்?"

இந்தப் பாடத்தில் அப்படிக் கேட்ட ஒருவரைப் பற்றிப் படிக்கப் போகிறோம். அவர் பெயர் காரெட் ரீஸ்மேன். முதலில் பொறியாளர். பிறகு விண்வெளி வீரர். அதன் பிறகு ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து, மற்றவர்கள் விண்வெளிக்குப் போக உதவியவர். படிக்கும்போது "ஆல்" என்ற ஒட்டையும் "ஆலும்" என்ற ஒட்டையும் கவனித்துக்கொண்டே வாருங்கள். கதையின் சாவி அந்த இரண்டில்தான் இருக்கிறது.

1. குமிழிகளை ஆராய்ந்த மாணவர்

ரீஸ்மேன் 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். பார்சிப்பனி என்ற ஊரில் வளர்ந்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்குப் படித்தார். ஒன்று பொருளியல், மற்றொன்று இயந்திரப் பொறியியல். 1991-இல் இரண்டையும் முடித்தார். பிறகு நாட்டின் மறுகோடியில் உள்ள கலிபோர்னியாவுக்குச் சென்று, கால்டெக் என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்தில் 1997-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

முனைவர் பட்டத்துக்கு அவர் எதை ஆராய்ந்தார் தெரியுமா? தண்ணீரில் தோன்றும் குமிழிகளை!

"குமிழியில என்ன இருக்கு?" என்று நினைக்காதீர்கள். கப்பலின் அடியில் ஒரு சுழலி இருக்கும். அது மிக வேகமாகச் சுற்றும்போது தண்ணீரில் கோடிக்கணக்கான சிறு குமிழிகள் தோன்றும். அடுத்த கணமே அவை உடைந்து சுருங்கும். அப்போது உண்டாகும் அதிர்ச்சி இரும்பையே அரித்துவிடும். வலிமையான சுழலியில் சிறு சிறு பள்ளங்கள் விழும். குமிழிகள் கூட்டமாக உடையும்போது அதிர்ச்சி அலைகள் எழுகின்றன என்பதற்குச் சோதனைச் சான்று காட்டியது அவருடைய ஆராய்ச்சி.

கண்ணுக்குத் தெரியாத சிறிய விஷயம் பெரிய இயந்திரத்தைப் பழுதாக்கும். ரீஸ்மேன் படித்த முதல் பெரிய பாடம் என்று இதைச் சொல்லலாம்.

2. வானத்தில் திரும்புவது எப்படி?

படிப்பு முடியும் காலத்திலேயே அவருக்கு டி.ஆர்.டபிள்யூ. என்ற நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நாசாவுக்காக அங்கே ஒரு செயற்கைக்கோளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அதற்கு அக்குவா என்று பெயர் வந்தது. பூமியின் மழை, மேகம், கடல், பனி ஆகியவற்றைக் கவனிப்பது அதன் வேலை. 2002-இல் அது விண்ணில் ஏவப்பட்டது.

செயற்கைக்கோள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் அதைத் திருப்ப வேண்டும். காருக்குச் சாலை இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் கார் திரும்பும். மீனுக்குத் தண்ணீர் இருக்கிறது. வாலை அசைத்தால் மீன் திரும்பும். விண்வெளியில் சாலையும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. பிறகு எப்படித் திரும்புவது?

ஒரு பலூனை ஊதுங்கள். முடிச்சுப் போடாமல் விடுங்கள். காற்று ஒரு பக்கம் சீறும். பலூன் மறுபக்கம் பாயும். செயற்கைக்கோளிலும் இப்படி வாயுவைச் சீறவிடும் சிறிய உந்துபொறிகள் உண்டு. அவற்றால் அக்குவாவைத் திருப்பும் முறையை வடிவமைப்பதுதான் ரீஸ்மேனின் பணி.

பொறியாளராக அவர் அங்கே இருந்தது சுமார் இரண்டு ஆண்டுகள். 1998-இல் நாசா அவரை விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது.

3. பத்து ஆண்டுக் காத்திருப்பு

தேர்வானதும் ராக்கெட்டில் ஏறிவிடலாமா? இல்லை. அவர் முதன்முதலாக விண்வெளிக்குப் போனது 2008-இல். நடுவில் பத்து ஆண்டுகள்! பயிற்சி, தேர்வு, மறுபடியும் பயிற்சி.

அந்தப் பத்து ஆண்டுகளுக்குள் ஒரு பெரிய துயரமும் நடந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்ணோடம் வானிலேயே சிதைந்தது. அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கல்பனா சாவ்லா. இந்தியாவில் கர்னால் என்ற ஊரில் பிறந்து, விமானப் பொறியியல் படித்து, விண்வெளி வீராங்கனை ஆனவர்.

காரணம் என்ன? கொலம்பியா புறப்படும்போதே, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த ஒரு நுரைத்துண்டு அதன் இடது இறக்கையில் அடித்திருந்தது. திரும்பி வரும்போது அந்த ஓட்டை வழியாகக் கடும் வெப்பம் உள்ளே புகுந்துவிட்டது. கவனியுங்கள்: இங்கேயும் சிறிய பொருள்தான் பெரிய கலத்தைப் பழுதாக்கியது.

அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விண்ணோடங்கள் பறக்கவில்லை. பழுதை ஆராய்ந்தார்கள். திருத்தினார்கள்.

அதே 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரீஸ்மேன் வானத்துக்குப் போகாமல் கடலுக்குள் போனார்! புளோரிடாவுக்கு அருகே கடலடியில் அக்குவேரியஸ் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே அவர் ஒரு குழுவுடன் இரண்டு வாரம் தங்கினார். ஏதாவது கெட்டுப்போனால் உடனே மேலே நீந்தி வந்துவிட முடியாது. ஆழத்தின் அழுத்தத்துக்குப் பழகிய உடல் மெதுவாகத்தான் மாற வேண்டும். எனவே பழுதை அங்கேயே இருந்துதான் சரிசெய்ய வேண்டும். விண்வெளி வாழ்க்கைக்கு இதைவிட நல்ல ஒத்திகை வேறு எது?

4. 95 நாட்கள்

2008 மார்ச் 11 அன்று எண்டெவர் விண்ணோடம் ரீஸ்மேனை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவருடன் சென்ற குழுவில் பாப் பென்கென் என்பவரும் இருந்தார். இவரும் கால்டெக்கில் இயந்திரப் பொறியியல் படித்தவர். ரீஸ்மேன் முனைவர் பட்டம் பெற்ற அதே 1997-இல் அதே பட்டத்தைப் பெற்றவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

குழுவினர் பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடைந்தார்கள். ரீஸ்மேன் விண்ணுடை அணிந்து வெளியே சென்று வேலை செய்தார். கனடா நாடு செய்த டெக்ஸ்டர் என்ற இயந்திர மனிதனைப் பொருத்தும் வேலை அது. மற்றவர்கள் திரும்பிய பிறகும் அவர் நிலையத்திலேயே தங்கினார். மொத்தம் 95 நாட்கள் விண்வெளியில் வாழ்ந்தார்.

அப்போது மே மாதக் கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. சிரிக்காதீர்கள்: கழிப்பறை பழுதாகிவிட்டது!

நம் வீட்டில் என்றால் ஒரு பிளம்பரைக் கூப்பிடலாம். அங்கே யாரைக் கூப்பிடுவது? விண்வெளியில் எல்லாம் மிதக்கும். அதனால் சிறுநீரை உறிஞ்சி எடுக்க ஒரு பம்பு வேண்டும். அந்தப் பம்புதான் வேலை செய்யவில்லை. ரஷ்யாவிலிருந்து புதிய பம்பை விமானத்தில் அவசரமாக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். மே 31 அன்று கிளம்பிய டிஸ்கவரி விண்ணோடத்தில் அதை ஏற்றி அனுப்பினார்கள். ஒலெக் கொனொனென்கோ என்ற ரஷ்ய வீரர் அதைப் பொருத்தினார். "அப்பாடா!" என்று எல்லாருக்கும் மூச்சு வந்திருக்கும், இல்லையா?

பம்பு கொண்டுவந்த டிஸ்கவரியிலேயே ரீஸ்மேன் ஜூன் 14 அன்று பூமிக்குத் திரும்பினார். 2010 மே மாதம் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் இரண்டாம் முறை சென்றார். இரண்டு பயணங்களிலும் சேர்த்து மூன்று முறை விண்நடை செய்தார். 21 மணி நேரத்துக்கு மேல் நிலையத்துக்கு வெளியே வேலை செய்தார்.

5. சொந்தக் காரா, பயணச் சீட்டா?

2011-இல் ரீஸ்மேன் நாசாவை விட்டு விலகினார். ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தில் மூத்த பொறியாளராகச் சேர்ந்தார். அவருக்குக் கொடுத்த பொறுப்பு, விண்வெளி வீரர்களின் பாதுகாப்பு. பின்னர் வீரர்கள் தொடர்பான எல்லாப் பணிகளுக்கும் இயக்குநர் ஆனார்.

அதே ஆண்டு ஜூலை மாதம் கடைசி விண்ணோடமும் தரையிறங்கியது. விண்ணோடங்களின் காலம் முடிந்தது. அதன் பிறகு அமெரிக்க வீரர்கள் விண்வெளி நிலையத்துக்குப் போக ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் இடம் வாங்க வேண்டியிருந்தது.

நாசா ஒரு புதிய வழியைத் தேர்ந்தெடுத்தது. இதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் புரிந்துகொள்வோம். நீங்கள் ஓர் ஊருக்குப் போக வேண்டும். சொந்தக் காரில் போகலாம். அல்லது பேருந்தில் சீட்டு வாங்கிப் போகலாம். விண்ணோடம் நாசாவின் சொந்தக் கார் மாதிரி. புதிய வழி பேருந்து மாதிரி. கலத்தை நிறுவனம் உருவாக்கும். அதை ஓட்டுவதும் நிறுவனம்தான். நாசா பாதுகாப்பு விதிகளைச் சொல்லும், சோதித்துப் பார்க்கும், பயணத்துக்குப் பணம் கொடுக்கும். மற்ற இடங்களை நிறுவனம் வேறு யாருக்கும் விற்கலாம். இதைத்தான் வணிக விண்வெளித் துறை என்கிறோம்.

2014-இல் இந்த வேலைக்கு நாசா இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தது: போயிங், ஸ்பேஸ்எக்ஸ்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எந்த நிறுவனமும் வேலையைச் சீக்கிரம் முடிக்கவே விரும்பும். செலவையும் குறைக்கப் பார்க்கும். ஆனால் உள்ளே உட்காரப் போவது மனிதர்கள். "கொஞ்சம் பொறுங்க, இதை இன்னொரு தடவை பாத்துடலாம்" என்று சொல்ல யாராவது வேண்டும், இல்லையா? அப்படிச் சொல்பவர் அந்த இருக்கையில் உட்கார்ந்தவராகவே இருந்தால் இன்னும் நல்லது.

6. "ஆல்" என்பதை "ஆலும்" ஆக்குவது

விண்ணோடங்கள் மொத்தம் 135 முறை கிளம்பின. இரண்டு விபத்துகளில் 14 பேர் உயிரிழந்தார்கள். கொலம்பியாவைப் பற்றிப் படித்தோம். மற்றொன்று சேலஞ்சர். 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73 நொடிகளில் அது சிதைந்தது. ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடும் குளிரில் விறைத்துப்போனதே காரணம். "இந்தக் குளிரில் ஏவ வேண்டாம்" என்று சில பொறியாளர்கள் முந்தின இரவே எச்சரித்தார்கள். அவர்கள் சொல் ஏறவில்லை.

விண்ணோடத்தில் இன்னொரு குறையும் இருந்தது. கிளம்பிய முதல் இரண்டு நிமிடங்களில் ஏதாவது நடந்தால், வீரர்கள் தப்பிக்க வழியே இல்லை. ரீஸ்மேன் ஏறிச் சென்ற கலங்களும் அப்படிப்பட்டவைதான்.

ஸ்பேஸ்எக்ஸ் வீரர்களுக்காகச் செய்த கலத்தின் பெயர் குரூ டிராகன். இது ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். இதன் சுவரில் எட்டு வலிமையான உந்துபொறிகள் உண்டு. ராக்கெட் பழுதானால் அவை எரியும். கலத்தை மட்டும் பிடுங்கி எடுத்துத் தூரமாகக் கொண்டுபோகும். பிறகு பாராசூட்டுகள் விரியும்.

இப்போது இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

ராக்கெட் பழுதானால் என்ன ஆகும்?
ராக்கெட் பழுதானாலும் வீரர்கள் உயிர் பிழைப்பார்கள்.

முதல் வாக்கியம் பொறியாளரின் கேள்வி. இரண்டாவது வாக்கியம் அவருடைய உழைப்பு. நடுவில் சேர்ந்தது "உம்" என்ற ஒரே ஓர் அசை. அந்த "உம்"மைச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆயின!

2015 மே 6 அன்று முதல் சோதனை நடந்தது. ராக்கெட் இல்லாமல், மனிதர் இல்லாமல், கலம் மட்டும் தரையிலிருந்து சீறி எழுந்தது. இரண்டு நிமிடத்துக்குள் பாராசூட்டில் கடலில் இறங்கியது. எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். அடுத்த மாதமே, ஜூன் 28 அன்று, விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் நடுவானில் உடைந்தது. உள்ளே இருந்த ஒரு தாங்குகம்பி முறிந்ததே காரணம். நல்ல வேளை, அதில் மனிதர்கள் யாரும் இல்லை. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ராக்கெட் உடைந்தபோதும் மேலே இருந்த சரக்குக் கலம் முழுதாகவே பிரிந்து விழுந்தது. அதில் பாராசூட் இருந்தது. ஆனால் "ராக்கெட் உடைந்தால் பாராசூட்டை விரி" என்ற கட்டளை கணினியில் இல்லை! கலம் கடலில் மோதி அழிந்தது. பிறகு அந்தக் கட்டளையைச் சேர்த்தார்கள்.

ஓர் "ஆல்" கேள்வி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

7. நண்பர் ஏறிய கலம்

2018-இல் ரீஸ்மேன் முழுநேர வேலையிலிருந்து விலகி, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். நிறுவனத்துக்கு ஆலோசகராகத் தொடர்ந்தார். அப்போது குரூ டிராகனில் ஒரு மனிதர்கூடப் பறந்திருக்கவில்லை.

2019 ஏப்ரல் 20 அன்று, தரையில் நடந்த ஒரு சோதனையில் குரூ டிராகன் கலம் ஒன்று வெடித்தது. ஒரு வால்வில் திரவம் கசிந்ததால் வந்த வினை. யாருக்கும் காயம் இல்லை. மறுபடியும் ஆராய்ந்தார்கள். அந்த வகை வால்வையே எடுத்துவிட்டு வேறு பாகத்தைப் பொருத்தினார்கள். 2020 ஜனவரியில், பறக்கும் ராக்கெட்டிலிருந்து கலம் தப்பிக்கிறதா என்று வேண்டுமென்றே சோதித்தார்கள். ராக்கெட் தீப்பிழம்பாகச் சிதறியது. கலம் பத்திரமாகக் கடலில் இறங்கியது.

2020 மே 30. குரூ டிராகனில் முதல்முறையாக மனிதர்கள் ஏறினார்கள். இருவர். ஒருவர் டக் ஹர்லி. 2011-இல் கடைசி விண்ணோடத்தில் சென்றவர். மற்றவர் யார் தெரியுமா? பாப் பென்கென்! ரீஸ்மேனைப் போலக் கால்டெக்கில் படித்து, 2008-இல் அவருடன் ஒரே விண்ணோடத்தில் சென்ற அதே பென்கென்.

இருவரும் அப்பாக்கள். ஆளுக்கு ஒரு மகன். அந்தச் சிறுவர்கள் தங்கள் பொம்மைகளிலிருந்து ஒரு டைனோசரைத் தேர்ந்தெடுத்து அப்பாக்களுடன் அனுப்பினார்கள். எடை தெரியாத நிலை வந்ததும் டைனோசர் கலத்துக்குள் மிதந்தது.

"பழுதானால்?" என்று ஆயிரம் முறை கேட்டது யாருக்காக என்று இப்போது புரிகிறதா? அந்த இரண்டு பேருக்காக. அந்தப் பொம்மையை அனுப்பிய இரண்டு பிள்ளைகளுக்காக.

ஆகஸ்ட் 2 அன்று கலம் கடலில் இறங்கியது. இருவரும் நலமாக வீடு திரும்பினார்கள். தப்பிக்கும் உந்துபொறிகளுக்கு அந்தப் பயணத்தில் வேலையே வரவில்லை. வேலை வராமல் இருப்பதுதான் நல்லது. ஆனாலும் கிளம்பும்போது அவை தயாராக இருந்தன.

உங்களுக்குத் தெரியுமா?

ரீஸ்மேனுடன் 2003-இல் கடலடியில் தங்கியவர்களில் பெகி விட்சனும் ஒருவர். 2008-இல் ரீஸ்மேன் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, அங்கே தலைவராக இருந்தவரும் அவரே. விட்சனும் பின்னர் நாசாவை விட்டுத் தனியார் நிறுவனத்தில் சேர்ந்தார். 2025 ஜூன் மாதம் அவர் தலைமையில் நான்கு பேர் குரூ டிராகனில் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா. அந்த நிலையத்துக்குள் நுழைந்த முதல் இந்திய நாட்டு வீரர் அவர்தான்.

பேசிப் பழகுவோம்

(தாத்தாவும் பேத்தியும் தொலைபேசியில் பேசுகிறார்கள். இருவர் இருவராகப் படித்து நடியுங்கள்.)

பேத்தி: தாத்தா, இன்னைக்கு ரீஸ்மேன் பாடம் படிச்சோம். எனக்கு ஒரு சந்தேகம்.

தாத்தா: கேளு கண்ணு.

பேத்தி: அவரு ஏழு வருஷம் அந்த டிராகனுக்காக உழைச்சாரு. ஆனா அதுல அவரு போகவே இல்ல. வருத்தமா இருக்காதா?

தாத்தா: நம்ம வீட்டைக் கட்டினது யாரு, சொல்லு பாப்போம்.

பேத்தி: ஏதோ ஒரு மேஸ்திரின்னு நீங்கதான் சொன்னீங்க.

தாத்தா: அந்த மேஸ்திரியா இந்த வீட்டுல குடியிருக்காரு?

பேத்தி: இல்லையே. நீங்களும் பாட்டியும்தானே இருக்கீங்க.

தாத்தா: ஆனா தூக்குக்குண்டு வெச்சுப் பாக்காம ஒரு சுவரைக்கூட அவரு எழுப்பல. கோணலா இருந்தா இடிச்சுட்டு மறுபடி கட்டுவாரு. இருபது வருஷ மழையில ஒரு விரிசல் விழல.

பேத்தி: அப்போ... மழை பெஞ்சாலும் நீங்க நிம்மதியாத் தூங்குறீங்க. அதுதான் அவருக்குச் சந்தோஷமா?

தாத்தா: அவரைத்தான் கேக்கணும். ஆனா நான் அவரை நெனைக்காத மழைக்காலம் கிடையாதும்மா.

பேத்தி: சரி தாத்தா. நீங்க மாத்திரை போட்டாச்சா?

தாத்தா: ஆஹா! நீயும் பொறியாளர் ஆயிட்டே!

புதிய சொற்கள்

பழுது – கெட்டுப்போன நிலை
உந்துபொறி – ஒன்றை முன்னே தள்ளும் இயந்திரம்
விண்ணோடம் – விண்வெளிக்குப் போய், விமானம்போல் திரும்பி இறங்கும் கலம்
விண்நடை – விண்ணுடை அணிந்து கலத்துக்கு வெளியே வேலை செய்வது
ஒத்திகை – முன்கூட்டியே செய்து பழகுவது
மேஸ்திரி – வீடு கட்டும் வேலையை முன்நின்று செய்பவர்
தூக்குக்குண்டு – சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் குண்டு
சொல் ஏறவில்லை – சொன்னதை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை
யானைக்கும் அடி சறுக்கும் – எவ்வளவு வலிமை உள்ளவருக்கும் ஒருநாள் தவறு நேரலாம்

எழுத்தும் பேச்சும்

எழுதும்போது – பேசும்போது
பார்க்காமல் – பாக்காம
வைத்து – வெச்சு
பெய்தாலும் – பெஞ்சாலும்
நினைக்காத – நெனைக்காத
கேட்க வேண்டும் – கேக்கணும்

இலக்கணம்: ஆல், ஆலும்

"ஆல்" ஒரு நிபந்தனையைச் சொல்லும். "மழை பெய்தால் விளையாட்டு நின்றுவிடும்." மழை வந்தது, விளையாட்டு நின்றது.

"ஆலும்" அந்த நிபந்தனையைத் தாண்டிப் போகும். "மழை பெய்தாலும் விளையாட்டு நடக்கும்." மழை வந்தது, விளையாட்டு நிற்கவில்லை.

பயிற்சிகள்

அ. விடை சொல்லுங்கள்.

1. ரீஸ்மேன் முனைவர் பட்டத்துக்கு எதை ஆராய்ந்தார்?
2. விண்வெளியில் செயற்கைக்கோள் எப்படித் திரும்புகிறது? பலூனை வைத்து வகுப்பில் செய்து காட்டுங்கள்.
3. விண்ணோடத்தில் இல்லாத எந்தப் பாதுகாப்பு குரூ டிராகனில் இருந்தது?
4. 2015-இல் விழுந்த சரக்குக் கலத்தில் பாராசூட் இருந்தும் அது ஏன் விரியவில்லை?

ஆ. "ஆல்", "ஆலும்" சேர்த்து எழுதுங்கள்.

எடுத்துக்காட்டு: மின்சாரம் நின்றது. (நின்றால், நின்றாலும்)
மின்சாரம் நின்றால் விளக்கு அணையும். மின்சாரம் நின்றாலும் மெழுகுவத்தி எரியும்.

1. பேருந்து தாமதமானது.
2. பனி கொட்டியது.
3. கைப்பேசி தொலைந்தது.

இ. கணக்குப் போடுங்கள்.

விண்ணோடங்கள் 135 முறை கிளம்பின. இரண்டு விபத்துகள் நடந்தன. அப்படியானால் சராசரியாக எத்தனை பயணங்களுக்கு ஒரு விபத்து? புதிய கலங்களில் 270 பயணங்களுக்கு ஒன்று என்ற அளவைவிட ஆபத்து அதிகமாக இருக்கக் கூடாது என்று நாசா விதித்தது. இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பேசுங்கள்.

ஈ. கலந்து பேசுங்கள்.

சேலஞ்சரை ஏவ வேண்டாம் என்று சொன்ன பொறியாளர்களில் நீங்களும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அவசரப்படுகிறார்கள். உங்கள் சொல் ஏறவில்லை. அடுத்து என்ன செய்வீர்கள்? முதலில் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு எழுத்துத் தமிழில் ஐந்து வாக்கியங்கள் எழுதுங்கள்.

உ. செய்து பாருங்கள்.

உங்கள் பள்ளியையோ வீட்டையோ சுற்றி வாருங்கள். "இது பழுதானால்?" என்று மூன்று பொருள்களைப் பார்த்துக் கேளுங்கள். பழுதானாலும் யாருக்கும் அடிபடாமல் இருக்க என்ன செய்யலாம்? படம் வரைந்து, கீழே ஒரு "ஆலும்" வாக்கியம் எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.